மீன் காட்டும் மிஷின்

அப்பா குவைத்துக்குக் கட்டட வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. அவருக்கு அன்றைக்குத்தான் லீவு. விளக்கு வைக்கிற நேரத்தில் வீடியோ காலில் வருவார். சாப்பிட்டியா, படிக்கிறியா என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பேன். பிறகு அம்மா போனை வாங்கி மழை பெய்ததா இல்லையா என்று சொல்வாள். அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படாது. ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சரி, வெச்சிடவா?" என்பார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் என் மாமா, அம்மாவின் அண்ணன், எங்கள் ஊர் ஏரியை மீன் பிடிக்கக் குத்தகைக்கு எடுத்தார். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பெரிய ஏரி. சின்ன ஃபைபர் படகு ஒன்றும் வாங்கிவிட்டார். மீன்கள் என்னவோ வண்டல் அள்ளிய பள்ளங்களில் போய்ப் பதுங்கிக்கொண்டன. வலை மட்டும் கருவேலங்கட்டைகளில் மாட்டிக் கிழிந்து வந்தது. தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது, கட்டை எங்கே கிடக்கிறது என்று திரையில் காட்டும் மிஷின் இருப்பதாக யாரோ மாமாவிடம் சொல்லியிருந்தார்கள்.

"அங்க நல்லதா கிடைக்குமாம் மாப்ள. நீங்கதான் பாத்து வாங்கித் தரணும்" என்று ஒரு வெள்ளிக்கிழமை போனில் அப்பாவிடம் சொன்னார் மாமா. பொங்கலுக்கு வருவதாக அப்பா முன்பே சொல்லியிருந்தார். மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே வந்து இறங்குவார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கடைக்குள் நின்றபடி கூப்பிட்டார். முதலில் காட்டியது பந்து மாதிரி இருந்தது. தண்ணீரில் வீசினால் போதும், மீன் இருப்பது போனிலேயே தெரியுமாம். எனக்கு அதுவே பிடித்துவிட்டது.

"வேணாங்க" என்றாள் அம்மா. "போனு ஏரியில விழுந்துட்டா அப்புறம் உங்ககிட்ட எதுல பேசுறது?"

அதற்கடுத்த வாரம் கையடக்கமான கறுப்பு வெள்ளைத் திரை. மீனும் கட்டையும் ஒரே மாதிரி தெரிகிறதே என்றாள். அதற்குப் பிறகு கலர் திரை வந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷில் இருந்தால் அண்ணனுக்கு எப்படிப் புரியும் என்றாள். ஏரிப் பக்கமே போகாத அம்மா, பேட்டரி எத்தனை நேரம் நிற்கும், படகுக்கு அடியில் மாட்டுகிற கருவி பாசியில் சிக்காதா என்றெல்லாம் கேட்டாள். அப்பாவும் சளைக்காமல் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமையானால் அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, நல்ல புடவையில் போன் முன்னால் உட்கார ஆரம்பித்தாள். மிஷின் என்றால் அம்மாவுக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

"வெயில்ல திரை தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டாள். அப்பா அதைக் கடை வாசலுக்கே எடுத்துப் போய்ப் பிடித்துக் காட்டினார். அம்மா மிஷினைப் பார்க்கவில்லை.

"எளச்சிட்டீங்களே" என்றாள்.

மாமாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. "ஏ தங்கச்சி, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கக்கூட இம்புட்டு யோசிக்க மாட்டாங்க. தண்ணி வடிஞ்சிடுச்சின்னா மீனு தானா கண்ணுக்குத் தெரியும். அப்புறம் மிஷின் எதுக்கு?" என்று சத்தம் போட்டார். அவரே போனை வாங்கி, அந்தக் கலர் திரையையே எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மதியம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஓடினேன். குரும்பலூர்க்காரர் ஒருவர் பையோடு இறங்கினார். அப்பாவோடு ஒரே ரூமில் இருப்பவராம்.

"அப்பா பின்னாடி வராரா?" என்று கேட்டேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். "லீவு குடுக்கலம்மா. அடுத்த வருசம் கண்டிப்பா வந்துடுவாரு."

அம்மா முகத்தில் ஆச்சரியம் எதுவுமில்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள். நான் ஆட்டோ திரும்பிப் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவர் கொண்டுவந்து கொடுத்த மிஷினைப் படகில் மாட்டி, மாமா என்னையும் ஏற்றிக்கொண்டார். பள்ளத்துக்கு மேலே போனதும் திரையில் மஞ்சளும் சிவப்புமாக வளைவுகள் தோன்றின. அவர் அங்கே வலையை இறக்கினார். கட்லாவும் ரோகுவும் துள்ளத் துள்ள வந்தன. மாமா படகிலேயே நின்றுகொண்டு, குவைத்துக்குக் கேட்கிற மாதிரி "மாப்ளே!" என்று கத்தினார்.

வெள்ளிக்கிழமை அப்பா ரூமிலிருந்தே பேசினார். சாப்பிட்டியா என்றார், படிக்கிறியா என்றார். அம்மா போனை வாங்கி, பனி அதிகமாக இருக்கிறது என்றாள். பிறகு இருவரும் சும்மா இருந்தார்கள். "சரி..." என்று அப்பா ஆரம்பித்தபோது அம்மா அவசரமாகச் சொன்னாள்:

"என்னங்க, அந்த மிஷின்ல ஏதோ கோளாறு போலிருக்கு. திரை அப்பப்ப மங்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லப்பா, நல்லா ஓடுது! நானே பாத்தேன்!" என்று குறுக்கே புகுந்தேன். அம்மா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"மங்குதா?" என்றார் அம்மாவிடம். "சரி, வர்ற வெள்ளிக்கிழமை கடைக்குப் போயி அங்கேருந்தே கூப்புடுறேன். என்னென்ன கோளாறுன்னு எல்லாத்தையும் யோசிச்சி வையி."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஏரியில் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், என் பேச்சை இரண்டு பேருமே நம்ப மாட்டேன் என்கிறார்களே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.