என் மருமகள் அணைக்காத கற்பூரம்

என் மருமகளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகத்தில் முதலில் வருவது பரிதாபம்தான். "ஐயோ, அந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க?" என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் நம்பமாட்டார்கள். சாமியை விட்டவர்களுக்குப் பின்னால் ஒரு சாவோ, சீக்கோ, பெரிய ஏமாற்றமோ இருந்தே தீர வேண்டும் என்று நம் ஜனங்களுக்கு ஓர் எண்ணம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். சாமி பயம் உள்ளவள். செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைக்காமல் என்னால் சோறு உண்ண முடியாது. என் ஒரே மகன் மினி லாரி ஓட்டுகிறான். மலையிலிருந்து அன்னாசி, வாழைத்தார், மிளகு என்று ஏற்றிக்கொண்டு கீழே போவான். மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் சரக்கு இறக்கப் போன இடத்தில் பழக்கமாகி, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். அப்பா இல்லாத பெண். அம்மாவும் மகளுமாகத் தங்கள் காட்டைத் தாங்களே பாடுபட்டு விளைவித்தவர்கள். உழைக்கிற கை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நம்பிக்கை விஷயத்தைக் கல்யாணப் பேச்சின்போது அவளேதான் சொன்னாள். பெரியவர்கள் எல்லாம் காபி குடித்துக்கொண்டிருக்க, என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"அத்தைங்க, முன்னாடியே சொல்லிப் போடறேன். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லீங்க. கோயில்ல தாலி கட்டறதுக்கு நான் குறுக்க நிக்கல, உங்க மகனுக்கு அது வேணும். ஆனா வந்தப்பறம் இவ விளக்கு வெக்க மாட்டேங்கறாளேன்னு நீங்க வருத்தப்படக் கூடாதுங்க."

பெண் பார்க்கப் போன இடத்தில் இப்படி ஒருத்தி பேசி நான் கேட்டதில்லை. "விளக்க நான் வெச்சுக்கறேன் கண்ணு" என்றேன். அந்த ஏற்பாடே இன்றைக்கும் நடக்கிறது. நான் விளக்கு வைக்கிறேன், அவள் திரியும் எண்ணெயும் தீராமல் வாங்கி வைக்கிறாள். காரவள்ளி தாண்டி மலைப்பாதை வளைவுகள் ஆரம்பிக்கிற இடத்தில் மகன் வண்டியை நிறுத்திக் கற்பூரம் காட்டும்போது, அவள் இறங்கிப் பின்னால் போய்த் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். நான் வாய் நிறைய அவளைச் 'சாமி' என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அதற்கு மட்டும் அவள் மறுப்புச் சொன்னதில்லை.

முதல் வருஷம் மிளகு காயவைத்த களத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கேட்டேன்.

"ஏங்கண்ணு, உங்கப்பா போனதுல வந்த கோவமா இது?"

அவள் கையை நிறுத்தவில்லை. "கோவப்படறதுக்கும் அங்க ஒருத்தர் இருக்கோணுமில்லீங்க, அத்தை" என்றாள்.

பொறுக்கிக்கொண்டே அவளாகவே பேசினாள். அவர்கள் காட்டை ஒட்டி ஒரு முஸ்லிம் குடும்பம் கடை வைத்திருந்தது. அந்த வீட்டுப் பெண் இவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி. இவள் டைபாய்டில் படுத்தபோது இவள் அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். தோழியின் அம்மா தொழுது துஆ கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள், கடையைச் சாத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போனாள். பிறகு தோழிக்குக் கால் முறிந்தது. களை எடுக்கிற நேரம். இவள் அம்மா காட்டை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் போய் அந்தப் பெண்ணோடு இருந்தாள்.

"எனக்கு நல்லானதும் எங்கம்மா மாரியாத்தா காப்பாத்துனான்னாங்க. அவங்கம்மா அல்லா காப்பாத்துனார்னாங்க. நான் படுத்துக்கிட்டே எல்லாத்தையும் பாத்துட்டு இருந்தேனுங்க. காப்பாத்துனது அவங்க ரெண்டு பேரும்தான். அவங்களுக்கு மேல ஒருத்தர் இருந்து அதச் செய்ய வெச்சார்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

"அப்ப நாங்கெல்லாம் முட்டாளா சாமி?" என்றேன். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

"நான் அப்படிச் சொல்லலீங்க அத்தை. விளக்கு வெச்சா உங்களுக்கு மனசு அடங்குது. அத நான் தெனமும் பாக்கறேன். எனக்கு அது வரல. வராதத வருதுன்னு சொல்ல வாய் வரல, அவ்வளவுதான்."

அன்றைக்கு எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. மீதி புரிய ஒரு வழக்கு வர வேண்டியிருந்தது.

எங்கள் காட்டுக்கு மேலே ஓர் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து கீழ்க்காட்டுக்காரர் தன் வீட்டுக்குக் கருப்பு ஓஸ் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுபோகிறார். ஓஸ் எங்கள் மிளகுக் காட்டின் ஓரமாக இறங்கும். போன வருஷம் ஓர் இணைப்பு கசிந்து, தண்ணீர் கொடியின் தூரிலேயே நின்றது. மிளகுக் கொடிக்கு வேரில் தண்ணீர் நின்றால் அழுகிப் போய்விடும். மருமகள் பல தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் வாங்கவில்லை. ஒரு நாள் பஸ் நிற்கிற இடத்தில் நாலு பேர் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

அதே வாரம் நான் சேந்தமங்கலத்தில் என் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். மகன் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போயிருந்தான். வீட்டில் அவள் மட்டும்தான். மறுநாள் காலையில் ஓஸ் அறுபட்டுக் கிடந்தது. கத்தி வைத்து அறுத்தது போல நேர்வெட்டு.

"வேற யாரு? அந்தக் கீழ்நாட்டுக்காரிதான்" என்று கீழ்க்காட்டுக்காரர் ஊர்ப் பெரியவரிடம் போய் நின்றார்.

எங்கள் ஊரில் சாட்சி இல்லாத வழக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மன் கோயில் முன்னால் கல்லின்மேல் கற்பூரம் ஏற்றுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் "நான் செய்யவில்லை" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள். அணைத்த பிறகு ஊரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

நான் மலை ஏறி வந்ததும் சேதி கேட்டேன். மருமகள் அடுப்படியில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ அறுத்தியா?" என்றேன்.

"இல்லீங்க அத்தை."

"அப்ப என்ன? நாளைக்குப் போய் அணைச்சுட்டு வந்துரு. ஒரு நிமிசத்து வேலை."

"நீங்க அணைச்சா அது சத்தியமுங்க. நான் அணைச்சா வெறும் கற்பூரம். கையச் சுட்டுக்கிட்டதுதான் மிச்சம்."

"ஊருக்கு அது போதுமில்ல?"

"போதுமுங்க. அதான் வேண்டாங்கறேன்" என்று சொல்லிவிட்டுக் களியை உருட்ட ஆரம்பித்தாள். மகன் போனில் கெஞ்சிப் பார்த்தான். அவனுக்கும் அதே பதில்தான்.

மறுநாள் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். ஊர்ப் பெரியவர், "வா கண்ணு, அணைச்சுட்டுப் போ" என்று தன்மையாகத்தான் கூப்பிட்டார். அவள் இடத்தை விட்டு நகரவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பேசினாள்.

"நான் அறுக்கலீங்க. எங்க ஊட்லயும் இதத்தான் சொன்னேன், இங்கயும் இதத்தான் சொல்றேன். இத அணைச்சா நீங்க எல்லாரும் என்னை நம்பிருவீங்க, எனக்குத் தெரியும். ஆனா எனக்குச் சாமி நம்பிக்கை இல்லைன்னு உங்களுக்கும் தெரியும். நம்பாதவ அணைச்சத நம்பி நீங்க ஊட்டுக்குப் போனீங்கன்னா, நான் உங்கள ஏமாத்துன மாதிரிங்க."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "சாமிதான் இல்லைங்கறியே, அப்பறம் அணைக்கறதுக்கு என்ன பயம்?"

"பயம் இல்லாததாலதானுங்க மாட்டேங்கறேன். பயப்படறவங்க அணைச்சாத்தான அதுக்கு மதிப்பு?"

"கோயில்ல தாலி மட்டும் கட்டிக்கிட்ட?" என்று இன்னொரு குரல் வந்தது.

"கட்டிக்கிட்டேனுங்க. அதுக்கு முன்னாடியே எங்க அத்தைகிட்டச் சொல்லிட்டுத்தான் கட்டிக்கிட்டேன். கேட்டுப் பாருங்க."

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் கிணற்றடியும் மிளகுக் களமும்தான் கண்முன் நின்றன. எனக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காக இந்தப் பெண் ஒரு தடவையாவது எதையாவது மாற்றிச் சொல்லியிருக்கிறாளா என்று யோசித்தேன். குழம்பில் உப்பு கூடிப்போனாலும் கூடிப்போச்சு என்றுதான் சொல்லியிருக்கிறாள். இவளுக்குப் பொய் வராது. சாமி இருக்கிறார் என்று சொல்லாததும் அதனால்தான். இது எனக்கு அங்கே நின்றபோதுதான் முழுசாகப் புரிந்தது.

நான் எழுந்து முன்னால் போனேன்.

"அம்மா, நீங்க அன்னைக்கு ஊர்லயே இல்லையே?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க. அவ அறுக்கலைன்னு நான் சத்தியம் பண்ண வரல. நான் பாக்கல. என் மருமக பொய் சொல்றவ இல்லை. அது எனக்குத் தெரியும். அதுக்குச் சத்தியம் பண்றேன்" என்று சொல்லிக் கற்பூரத்தின்மேல் கையை வைத்து அணைத்தேன்.

பெரியவர் அணைந்த கற்பூரத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க, இதோட விடுங்க" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். "எனக்காக எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள். "உனக்காகப் பண்ணல. எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். நீ மட்டுந்தான் சொல்லலாமா?" என்றேன்.

கீழ்க்காட்டுக்காரர் ஓஸை மறுபக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டார். எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஓஸை அறுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

மழைக்காலம் வந்தபோது அவருடைய அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அந்த நேரத்தில் ஊரில் வேறு வண்டி இல்லை. பேச்சில்லாத வீடு என்று பார்க்காமல் அவர் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றாள். மகன் வண்டியை எடுத்தான். வளைவு வளைவாக இறங்கியபோது அந்த அம்மாவைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனது என் மருமகள்தான். ஆஸ்பத்திரியிலும் அந்த வீட்டாரோடு முறை மாற்றிக்கொண்டு இருந்து பார்த்தாள். அந்த அம்மா பிழைக்கவில்லை.

காரியம் முடிந்ததும் கீழ்க்காட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் தகராறு வந்தது. வீட்டை ஒட்டிய பலாத் தோப்பை எனக்குத்தான் தருவதாக அம்மா சொன்னாள் என்றார் இவர். இல்லை, எனக்கு என்றான் தம்பி. மறுபடியும் ஊர் கூடியது. தம்பி சொன்னான், "கடைசியா அம்மாகூட இருந்தது அந்த லாரிக்காரர் ஊட்டுப் புள்ளதான். அதையே கேளுங்க."

கீழ்க்காட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கேளுங்க. அது சொன்னா நான் ஒத்துக்கறேன்" என்றார்.

ஆள் அனுப்பி அவளைக் கூட்டிவந்தார்கள். நானும் கூடவே போனேன். வழக்கப்படி பூசாரி கற்பூர டப்பாவைத் திறந்தார். கீழ்க்காட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. அந்தப் புள்ள பொய் சொல்லாது."

இதைச் சொன்னது அவர். அதே கோயில், அதே ஜனங்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மருமகள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "தோப்பு சின்னவனுக்குன்னு சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. பெரியவன் கோவிச்சுக்குவான், அவன்கிட்ட நானே சொல்றேன்னாங்க. அதுக்குள்ள பேச்சு நின்னு போச்சுங்க." அம்மாவின் பேரில் இருந்த மேட்டுக் காட்டைப் பற்றி அம்மா என்ன சொன்னார் என்று தம்பி ஆசையாகக் கேட்டான். "அதப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. எனக்குத் தெரியாததச் சொல்ல மாட்டேன்" என்றாள். கீழ்க்காட்டுக்காரர் தலையை ஆட்டினார். தோப்பு தம்பிக்குப் போனது. மேட்டுக் காட்டை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

கோயிலிலிருந்து எங்கள் வீட்டுக்குக் காபிக் காட்டு வழியாகப் போனால் பக்கம். அன்றைக்கு நான் அவள் கையைப் பிடித்துத் தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். டீக்கடையைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லார் முன்னாலும் நிதானமாக நடந்தேன்.

"எதுக்குங்க அத்தை இப்படிச் சுத்திப் போறோம்? ஊட்ல அடுப்பு மேல பால் இருக்குதுங்க" என்றாள்.

"பொங்குனாப் பொங்கட்டும். நீ வா சாமி" என்றேன்.