சீட்டின் பின்பக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்பு மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஒரு சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. காரணம் படித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கே புரிந்துவிடும்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் பாரங்கள், அதாவது படிவங்கள், நிரப்பும் வேலை பார்க்கிறேன். அரசியலில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் ஓட்டுப் போடும் வயது வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். நாம் மடித்துப் பெட்டிக்குள் போடும் சீட்டு அதற்குப் பிறகு என்ன ஆகிறது? யார் தொடுகிறார்கள், யார் பார்க்கிறார்கள்? அந்த இடைத்தேர்தலில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு கட்சிக்காரர் ஓட்டு எண்ணிக்கை ஏஜெண்டாக உட்கார ஆள் தேடிக்கொண்டிருந்தார். எல்லாரும் நழுவினார்கள். நான் மட்டும் உடனே தலையாட்டினேன். கட்சிப் பற்றெல்லாம் இல்லை, வேடிக்கை பார்க்கும் ஆசைதான்.

ஓட்டுப்பதிவு ஒரு தேசியப் பள்ளியில். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு பெட்டி. வயது வாரியாக வாக்காளர்களைப் பிரித்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த அறையில் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே பார்ப்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று ஏற்கெனவே உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

அறைக்குத் தலைமை அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. ஆசிரியை என்று சொன்னார்கள். அவருக்குக் கீழே இரண்டு பணியாளர்கள், அவர்களும் மலாய்க்காரர்கள். எதிர் வேட்பாளருக்கு ஏஜெண்டாக வந்திருந்தவர் முப்பது முப்பத்தைந்து வயதுத் தமிழர். கார் ஓட்டுகிறவர், கைப்பேசியில் கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும் வேலை. உட்கார்ந்த உடனே என்னிடம், "அக்கா, சாப்டீங்களா? உள்ள தண்ணி மட்டும்தான் குடுப்பாங்க போல" என்றார். எதிரெதிர்க் கட்சியில் இருந்துகொண்டு இவ்வளவு சாதாரணமாகப் பேசலாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது.

பெட்டியைக் கவிழ்த்தார்கள். மேசை நிறைய வெள்ளைக் காகிதம். நான் குழந்தை மாதிரி ஆகிவிட்டேன். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, இரண்டு பேருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டிவிட்டு அந்தந்தக் குவியலில் வைத்தார். எத்தனை விதமான கோடுகள்! சிலர் கட்டத்துக்குள் அளந்து வைத்தது போலப் போட்டிருந்தார்கள். ஒருவர் காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தியிருந்தார். ஒருவர் இரண்டு பேருக்கும் போட்டுவிட்டு நடுவில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார். அது செல்லாது என்று அதிகாரி சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாதிக்கு மேல் எண்ணியாயிற்று. இரண்டு குவியலும் ஏறக்குறைய ஒரே உயரம். அப்போது எங்கள் வேட்பாளருக்குப் போட்ட ஒரு சீட்டை அதிகாரி உயர்த்தினார். தெளிவான கோடு. எங்கள் குவியலில் வைக்கப் போனார்.

"ஒரு நிமிஷம். பின்னால ஏதோ எழுதியிருக்கு" என்றார் கார் ஓட்டுகிறவர். விளக்கு வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதிகாரி திருப்பினார். பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியான தமிழ் எழுத்து. பணியாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரியவில்லை. அதிகாரி மலாயில் எங்களிடம் விதியைச் சொன்னார். சும்மா ஏதாவது கிறுக்கியிருந்தால் பரவாயில்லை. ஓட்டுப் போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கும்படி எழுதியிருந்தால் செல்லாது. என்ன எழுதியிருக்கிறது?

நான் கார் ஓட்டுகிறவரைப் பார்த்தேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா. நான் படிச்சது சீனப் பள்ளிக்கூடம். பேசத்தான் வரும்."

அப்படியென்றால் அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுவும் ஓட்டு என் பக்கத்து ஓட்டு. அதிகாரி யோசித்தார். வேறு அறையிலிருந்து யாரையாவது கூப்பிடலாமா என்று கார் ஓட்டுகிறவரிடம் கேட்டார். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"வேணாம்லா. அக்காவே படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "படிங்கக்கா. ஆனா என் மூஞ்சியப் பாத்துப் படிங்க."

அதிகாரி சீட்டைக் கையில் பிடித்தபடியே எனக்குக் காட்டினார். நான் படித்தேன்.

'லிஃப்ட் ஓடி எட்டு மாசம் ஆச்சு. எங்க வீடு ஏழாம் மாடி. வீட்டுக்காரரை வாரம் மூணு தடவை டயாலிசிஸுக்கு நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு இறங்குறோம். யாரு ஜெயிச்சாலும் பரவாயில்ல, இத மட்டும் செஞ்சு குடுங்க.'

தமிழில் வாசித்துவிட்டு மலாயில் சொன்னேன். அதிகாரியின் கை கொஞ்சம் தாழ்ந்தது.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'இப்படிக்கு' என்று போட்டு ஒரு பெண்ணின் முழுப் பெயர்.

அந்த வரியை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பாரத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது போலத்தான். ஓட்டு செல்லும், அந்தப் பெண் போட்ட ஓட்டு வீணாகாது. இது பொய்கூட இல்லை, பாதியில் நிறுத்துவதுதானே என்றெல்லாம் மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. எங்கள் குவியலையும் பார்த்துக்கொண்டேன், அதை மறைப்பானேன்.

அதிகாரி, "முடிந்ததா?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்தேன். கார் ஓட்டுகிறவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகப் பார்வையாக இருந்திருந்தால் ஒருவேளை நான் நிறுத்தியிருப்பேன். அவர் கண் கலங்கி இருந்தது. இதைச் சரிபார்க்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

"இல்லை. கடைசியில் ஒரு பெயர் இருக்கிறது" என்றேன்.

பெயரை வாசிக்கப் போனேன். அதிகாரி சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார். பெயரைச் சொல்ல வேண்டாம், இருக்கிறது என்பதே போதும் என்றார். அந்தச் சீட்டு நிராகரிக்கப்பட்ட ஓட்டுகளோடு போயிற்று. பிறகு உறை, அரக்கு, முத்திரை. அந்த உறையை யாரும் பிரித்துப் படிக்கப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வேட்பாளர் தோற்றார். ஒரு ஓட்டிலோ இரண்டு ஓட்டிலோ இல்லை, நன்றாகவே தோற்றார். அந்த வகையில் நான் படித்ததாலும் படிக்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல முடியாது, உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் லிஃப்டில் ஏறும்போதெல்லாம் அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரும். உதவ வேண்டும் என்பதைவிட, யார் அந்தப் பெண் என்று பார்த்துவிட வேண்டும் என்ற குறுகுறுப்புதான் முதலில் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

தேர்தல் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பள்ளி வட்டாரத்து ஃபிளாட்டுகளுக்குப் போனேன். மூன்று புளோக். முதல் புளோக்கில் லிஃப்ட் கதவில் 'ரோசாக்' என்று எழுதி ஒட்டியிருந்தது, பழுது என்று. அதுதான் போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த புளோக்கைப் பார்த்தால் அங்கேயும் அதே காகிதம். மூன்றாவதில் காகிதம்கூட இல்லை, கதவே பாதி திறந்தபடி நின்றுவிட்டிருந்தது. மூன்று புளோக்கிலும் ஏழாம் மாடி இருக்கிறது. ஒரு ஆள் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தார்.

கீழே தண்ணீர்க் கடையில் சூடாகத் தே குடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் அதே கார் ஓட்டுகிறவர்!

"அக்கா! இங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதான். நீங்க?"

"நானும் சும்மாதான்லா."

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அவருக்குப் பெயர் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது. அவர் கேட்கவும் இல்லை. தேயை ஆற்றியபடி யோசித்துவிட்டு, "ஒரு கதவத் தட்டுனாதானேக்கா தப்பு? எல்லாக் கதவையும் தட்டிருவோம்" என்றார்.

நம் ஊரில் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் கிடையாது. சாக்கடையானாலும் லிஃப்டானாலும் மனுவைத் தூக்கிக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரைத்தான் பார்க்க வேண்டும். பாரம் தயாரிப்பது என் தொழில், அதை நான் செய்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் மாடி மாடியாக ஏறினோம். முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. பல வீடுகளில் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்.

"எலெக்‌ஷன்தான் முடிஞ்சிருச்சே, இப்ப எதுக்கு வர்றீங்க?"

இரண்டாவது புளோக், ஏழாம் மாடியில் ஒரு கதவைத் திறந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். உள்ளே மெலிந்த ஒருவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், கையில் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டிருந்தது. அந்தப் பெண் மனுவைப் படித்துவிட்டுப் பெயரை எழுதினார். எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் ஒரு பைத்தியக்காரிக்கா" என்றார் சிரித்தபடி. "மேனேஜ்மென்ட் ஆபிஸுக்கு எத்தன தடவ அலைஞ்சேன் தெரியுமா? கடைசில ஓட்டுச் சீட்டுலயே எழுதிப் போட்டேன். அதெல்லாம் யாராச்சும் படிப்பாங்களாக்கா?"

கார் ஓட்டுகிறவர் சட்டென்று மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். 'படித்தோம், அதனால்தான் உங்கள் ஓட்டே செல்லாமல் போனது' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஃபோன் நம்பரும் எழுதிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஜெயித்தவரின் அலுவலகத்தில் மனுவை அவர் கட்சிக்காரரும், அதாவது கார் ஓட்டுகிறவரும், தோற்ற கட்சிக்கு உட்கார்ந்த நானும் சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்தவர்களுக்கு எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பிறகு பல மாதங்கள், பல ஃபோன்கள். ஒரு நாள் அந்தப் பெண்ணிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அக்கா, எங்க புளோக்குல ஒரு லிஃப்ட் ஓடுது. அவரே கை நீட்டிப் பட்டன அமுக்குனாரு." எங்கள் மனுவால்தானா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. மற்ற இரண்டு புளோக்குக்கும் நாங்கள் இன்னும் அலைந்துகொண்டுதான் இருக்கிறோம்.

அன்று அந்தப் பெயரை விழுங்கியிருந்தால் ஒரு ஓட்டு எங்கள் பக்கம் கூடியிருக்கும். விழுங்காததால், யாராவது படிப்பார்களா என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு வாயால் பதில் சொல்ல முடியாத கடன் ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது, அந்தப் பதிலைப் படியேறும் கால்களால்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.