அரை அங்குலம் பெருத்த மரம்

1981 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷம். தென்காசியில் சாரல்... குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் தும்மல் வரும், அந்த அளவுக்கு.

அப்போதுதான் என் கட்டைவிரல் மரத்துக்குள் போனது.

மரம் என்றால் உடனே ஆலமரத்தை நினைக்காதீர்கள். சிமென்ட் தொட்டியில், மூன்றரை அடி உயரம். அடிப்பாகம் மட்டும் விருந்து சாப்பிட்டவர் வயிறு மாதிரி உருண்டு திரண்டிருக்கும். உச்சியில் நாலு மெல்லிய கிளைகள், சொரசொரப்பான இலைகள். வெள்ளரி மரம். வெள்ளரிக்காய்க் குடும்பத்தில் மரமாக வளர்வது இது ஒன்றுதானாம். சொந்த ஊர் அரபிக்கடலில் சொகோத்ரா என்ற தீவு. வயிற்றில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு மழையில்லாத மாதங்களை ஓட்டிவிடும்.

ஏடனில் வேலை பார்த்துத் திரும்பிய என் பெரியப்பா மகன் 1970-ல் ஒரு தீப்பெட்டியில் ஐந்து விதை கொண்டுவந்து கொடுத்தான். முளைத்தது மூன்று. ஒன்றை எலி தின்றது. ஒன்று இரண்டிலை விட்டதும் தலை சாய்ந்தது. மிஞ்சியது இது.

ஒவ்வொரு ஞாயிறும் டேப் வைத்து வயிற்றின் சுற்றளவை எடுத்து நோட்டில் எழுதுவேன். கோடையில் பத்து நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். சாரல் மாதங்களில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது; ஈரம் மிஞ்சினால் அடி அழுகிவிடும். பின்கட்டில் அதற்கென்றே தகரக் கூரை போட்டிருந்தேன். ஊரே சாரலுக்கு ஏங்க, அதே சாரலிலிருந்து ஒன்றைக் காப்பாற்றுகிற ஒரே ஆள் நான்தான். 'உங்க மூத்த பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்' என்பாள் என் மனைவி காந்திமதி.

பாளையங்கோட்டையில் தாவரவியல் நடத்தும் பேராசிரியர் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். 1977-ல் ஒரு தடவை, 79-ல் ஒரு தடவை, போன வருஷம் ஒரு தடவை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்தத் தீவிலேயே மரம் குறைந்துகொண்டு வருகிறதாம். கன்றை ஆடு கடித்துவிடும். பஞ்ச காலத்தில் மரத்தையே வெட்டிக் கூழாக்கி ஆட்டுக்குப் போடுவார்களாம். பிறகு எங்கேயிருந்து மரம் மிஞ்சும்?

மூன்று தடவையும் அவர் கேட்டது ஒன்றைத்தான். "ஒரு சாண் கிளை குடுங்க அண்ணாச்சி. ஊனிப் பாக்குதேன். உங்க வீட்டுல ஒண்ணு, எங்க காலேஜ்ல ஒண்ணு. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்லா?"

மூன்று தடவையும் காபி கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன். கிளை கொடுக்கவில்லை. வெட்டுக்காயம் ஆறுமோ ஆறாதோ என்று அவரிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. இந்த ஜில்லாவிலேயே ஒன்றுதான், அது என் பின்கட்டில் இருக்கிறது — அந்த எண்ணிக்கை எனக்குப் பிடித்திருந்தது. அதை இரண்டாக்க மனசு வரவில்லை.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். ஜூன் கடைசியில் ஒரு சிநேகிதரின் அறுபதாம் கல்யாணத்துக்கு மதுரை போய், ஐந்து நாள் கழித்துத்தான் திரும்பினேன். அந்த ஐந்து நாளும் வீட்டில் சீசனுக்கு வந்த என் தங்கை குடும்பம், கோவில்பட்டியிலிருந்து ஏழு பேர். நான் திரும்புவதற்குள் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஜூலை 5, ஞாயிறு. டேப் வைத்தேன். இருபத்து மூன்றாக இருந்த வயிறு இருபத்து மூன்றரை அங்குலம்! இப்போதெல்லாம் ஒரு வருஷத்தில் பெருக்கிற அளவு ஒரே வாரத்தில். காந்திமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். 12-ஆம் தேதியும் அதே அளவு. நோட்டில் அடிக்கோடு வேறு போட்டேன்.

19-ஆம் தேதி விரல் உள்ளே போனது. உள்ளே சொதசொதப்பு, அழுகல் நாற்றம்.

அப்புறம்தான் காந்திமதி சொன்னாள். ஏழு பேரும் ஐந்தருவியில் தினம் இரண்டு வேளை குளித்தார்கள். அந்த ஈரத் துணியை எங்கே காயப்போடுவது? வீட்டில் நனையாத இடம் என் தகரக் கூரை ஒன்றுதான். தங்கை மாப்பிள்ளை தொட்டியை வெளியே நகர்த்திவிட்டார்.

"குத்தாலத்துச் சாரல்ல நனைய ஊர் ஊரா வந்து நிக்குதாங்க. இது இங்கனயே பொறந்துட்டு தகரத்துக்கு அடில உக்காந்திருக்கு. பாவம், அதுவும் நாலு நாள் நனையட்டும்னு சொன்னாரு" என்றாள்.

அவர் சொன்னதில் தப்பு என்ன? நோயாளியையே இந்தச் சாரலுக்கு அழைத்து வருகிற ஊர் இது. அவருக்குத் தெரிந்த மரியாதையை அவர் மரத்துக்குச் செய்திருக்கிறார்.

நான் வருகிற அன்றைக்குக் காலையில் காந்திமதியே தொட்டியை இழுத்து உள்ளே வைத்துத் துடைத்திருக்கிறாள். அன்றே சொல்லியிருந்தால் மண்ணை மாற்றி, வேரை உலர்த்தி, எதையாவது பார்த்திருக்கலாமே. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"மொதல்ல, கத்துவீகன்னு பயம். தங்கச்சி வீட்டோட பேச்சை நிறுத்திருவீகன்னு பயம். பெறவு சொல்லணும்னுதான் இருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை டேப்பைத் தூக்கிட்டு ஓடி வந்தீக பாருங்க... அம்புட்டுச் சந்தோசமா உங்களைப் பாத்து எத்தனை வருசமாச்சு? எப்படிச் சொல்லுவேன்?"

உச்சிக் கிளைகள் மட்டும் இன்னும் பச்சையாக இருந்தன.

நாலு கிளைகளையும் வெட்டி, வேட்டித் துணியில் சுற்றி, மறுநாளே பஸ் ஏறினேன். பேராசிரியர் வெட்டுமுகத்தைப் பார்த்தார். நடுவில் அழுகலின் பழுப்பு வளையம், நாலிலும். அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. "மணல்ல ஊனிப் பாக்குதேன் அண்ணாச்சி" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் ஒரு போஸ்ட் கார்டு. நாலும் வேர் விடவில்லை.

தொட்டி, ஆற்று மணல், தகரம், நோட்டுப் புத்தகம், எல்லாம் கூட்டிப் பார்த்தேன். பதினோரு வருஷத்துக்கு இருநூற்று நாற்பத்தேழு ரூபாய் முப்பது பைசா. அதில் கடைசி ஏழு ரூபாய், அவர் வீடு தேடி வந்து கேட்ட கிளையை, அழுகின பிறகு நானே சுமந்துகொண்டு போய்வந்த பஸ் சார்ஜ்.