ஃப்ளோரா போகாத தீவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. 1971, ராயபுரம் கல்மண்டபம். என் தம்பி லியோனார்டின் மனைவி ஃப்ளோரா சொன்னதைத்தான் எழுதுகிறேன். கடைசி விஷயம் மட்டும் எனக்கே தெரிந்தது.

ஃப்ளோரா இரண்டாம் தாரம். முதல் மனைவி ஐரீன் காய்ச்சலில் போய் மூன்று வருடம். ஆனாலும் வீடு முழுக்க அவள்தான். சுவரில் மாலை போட்ட ஐரீன். மீன் குழம்பு வைத்தால், "ஐரீன் கைப்பக்குவம் வராது" என்னும் தெரு. மாதா மாதம் அவள் ஆத்துமத்துக்குப் பூசை. ஃப்ளோராவுக்கு வயிறு எரியும். செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய தம்பியிடம் கப்பல்காரர்கள் ஒரு தீவைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அந்தமானில் இறங்கி, படகில் இன்னும் தள்ளிப் போகவேண்டும். தென்னை, வெள்ளை மணல். யாரும் போவதில்லை. அங்கே போகலாம் என்று ஃப்ளோராவைக் கூப்பிட்டான் தம்பி.

"ஈ காக்கா கெடையாதாம். நீயும் நானும்தான்."

"அவளை இட்டுகினு போயிருக்கியா அங்க?"

"இன்னாமே நீ! ஐரீன் எண்ணூரே தாண்டினதில்ல."

ஃப்ளோரா வாய்விட்டுச் சிரித்தாள். ஐரீன் கால் படாத ஓர் இடம்!

அன்றே டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கினாள். மறுநாள் மத்தியானம் குழாயடியிலிருந்து வந்து பார்த்தால்... அவள் புடவைகள் எல்லாம் கட்டிலில். மடிப்புக்கூடக் கலையவில்லை. லியோனார்டின் சட்டைகள் மட்டும் பெட்டிக்குள்.

"என் துணிய ஏன் எடுத்த?"

"நான் தொடவே இல்ல."

மறுபடி அடுக்கினாள். மறுபடி கட்டிலில்.

பெட்டிக்குள் ஈர மண் வாசனை...

புறப்படும் வாரம், பயணத்துக்காக மாதா கோயிலில் பூசை. சாமியார் அறிவித்தார்.

"கடல் பயணம் போகும் லியோனார்ட், ஐரீன் தம்பதிக்காக..."

கோயிலே திரும்பிப் பார்த்தது.

பூசைக்குப் பேர் எடுத்துக் கொடுக்கும் கோயில்பிள்ளை ஜேக்கப் கையைப் பிசைந்தார். "மாசா மாசம் சொல்ற பேரும்மா. வாயி பழகிடுச்சு. சாமிகிட்ட அதையே சொல்லிட்டேன்."

ஃப்ளோரா காதில் அது ஏறவில்லை. "அவளையே இட்டுகினு போ!" என்றாள் கணவனிடம்.

ரோஷத்தில் தம்பி தனியாகவே கப்பல் ஏறினான்.

திரும்பவில்லை. தீவில் குளிக்கப் போனவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை.

அவன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தவர் கப்பல் சமையல்காரர் சவரிநாதன். திண்டிவனத்துக்காரர், எங்களை அவருக்கு முன்பின் தெரியாது.

"அவர் சம்சாரம் வந்துட்சா?" என்று ஃப்ளோராவையே கேட்டார்.

"நான்தான் சம்சாரம்."

அவர் முகம் வெளுத்தது. "அப்ப... கூட வந்த அம்மா? ரெண்டு தட்டு சோறு நான்தானே குடுத்தேன்."

ஃப்ளோரா அழவில்லை. "அங்கயும் அவதான்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பக்கத்தில் இருந்த நான் கேட்டேன். "இன்னா புடவை?"

"வெள்ளைப் பட்டு. கல்யாணப் பொண்ணாட்டம்."

எங்கள் வழக்கப்படி கல்யாணப் புடவையில்தான் ஐரீனை அடக்கம் செய்தோம். கட்டிவிட்டவள் நான். அறையில் வேறு யாரும் இல்லை. முந்தானை நிற்கவில்லை. என் ரவிக்கையில் இருந்த நீலக் கல் ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். சவப்பெட்டியை மூடினார்கள்.

சவரிநாதன் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க... நீலக் கல்லு வெச்ச ஊக்கு ஒண்ணு."