வயர் இருக்கா என்று பார்த்து வரச் சொன்னார்கள்

என் மகன் ஜோயல் போன மாதம் எடுத்த ஒரு வீடியோவில், அவனுக்குப் பின்னால் கதவோரமாக நான் நிற்கிறேன். வேண்டுமென்று போய் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு நேரமாகிறது, சட்டையை மாற்றுடா என்று சொல்ல அறைக்குள் எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். அவனோ கணினி முன்னால் உட்கார்ந்து, எங்கோ அயல்நாட்டுக் கண்காட்சியில் புது கேம் மெஷினை அறிமுகம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தால் மட்டும் போதாதாம். பார்க்கும்போது தன் முகம் எப்படியெல்லாம் போகிறது என்பதையும் கைப்பேசியில் பிடித்து ஊருக்குக் காட்ட வேண்டுமாம். அதற்கு ரியாக்‌ஷன் வீடியோ என்று பெயர். மேடையில் ஒருவர் எதையோ தூக்கிக் காட்டினார். இவன் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தான்.

வீடியோவைப் பார்த்தவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தைக்கூட நிரப்ப மாட்டார்கள். ஆனால் கீழே வந்த கருத்துகளில் பாதி என்னைப் பற்றி. "ப்ரோ, பின்னாடி நிக்கிற உங்கம்மா ஏன் அப்படிப் பாக்குறாங்க?" என்று ஒருவன். "ஆன்ட்டி அழுவுறாங்களா?" என்று இன்னொருவன். ஜோயலுக்கு ஒரே குஷி. "மா, நீங்கதான் இப்ப ஃபேமஸ் லா!" என்றான். நான் ரகசியமாக நாலைந்து முறை போட்டுப் பார்த்தேன். பையன்கள் சொன்னது சரிதான். ஆசையாக மீன் வாங்கி வந்து பையைப் பிரித்ததும் நாறினால் ஒரு முகம் போகுமே, அந்த முகம்.

அந்த மேடைக்காரர் தூக்கிக் காட்டியது ஒரு கண்ட்ரோலர். கையில் பிடித்து விளையாடுகிற அந்தச் சாமானை, நம் வீட்டுப் பிள்ளைகள் சோறு தின்னும்போதுகூடக் கீழே வைக்காத அதைத்தான் சொல்கிறேன்.

ஒன்றை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு கேம் விளையாடத் தெரியாது. கார் பந்தயத்தில் என்னை விட்டால் கார் பின்பக்கமாகத்தான் ஓடும். ஆனால் ஒரு காலத்தில், எந்தெந்த ஊரிலோ எந்தெந்தப் பையன்களோ பிடித்துக்கொண்டிருந்த கண்ட்ரோலர்களின் வயரை நான் இழுத்துப் பார்த்திருக்கிறேன். புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வருமே, பிளாஸ்டிக்கும் துடைக்கிற ஸ்பிரிட்டும் கலந்த வாசனை, உங்களுக்கு அது புதுச் சாமான் வாசனை. எனக்கு அது இருபத்திரண்டு வயது.

அப்போது நாங்கள் பாகான் டாலாமில் இருந்தோம். விடியற்காலையில் கிலாங் பஸ் வரும். தொழிற்சாலைப் பேருந்தை அப்படித்தான் சொல்வோம். கடல் பாலத்தைக் கடந்து தீவிலிருக்கும் பாயான் லெப்பாஸில் கொண்டுபோய் இறக்கும். நீல அங்கி, தலையுறை, முகமூடி, விரலுக்கு விரல் ரப்பர் உறை. எங்கள் லைனில் பன்னிரண்டு பெண்கள். லைன் லீடர் பாக்கியம் அக்கா, எங்கள் தெருக்காரர். அந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். என் வேலை இது: கண்ட்ரோலரிலிருந்து தொங்கும் வயரைப் பிடித்து இரண்டு தரம் இழுக்க வேண்டும். கழன்று வரவில்லை என்றால் "ஓகே!" என்று உரக்கச் சொல்லி அடுத்தவளிடம் தள்ள வேண்டும். உரக்கச் சொல்வது கம்பெனி சட்டம் இல்லை, பாக்கியம் அக்காவின் சட்டம். வாய் பேசினால் கண் தூங்காது என்பார். அதனால் எங்கள் லைன் ஒரு ஜெபமாலை மாதிரி ஓகே, ஓகே என்று நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே ஓடும். மலாய்க்கார ஜைத்தோன் அக்கா மட்டும் அதைப் பாட்டாகவே பாடுவார்.

சிரிக்கக் கூடாது, முதல் மூன்று மாதம் நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். விரலுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு வேறென்ன செய்வார்கள்? சாமானுக்குப் பெயரும் கிடையாது, எண்தான். எங்கள் மேசைக்கு வரும்போது மேல் மூடிகூட இருக்காது. கேட்டால் சூப்பர்வைசர் உதட்டில் விரலை வைப்பார். நான் வீட்டில் சொன்னேன். அம்மா கோவிலில் சொன்னார். ரீத்தா ஆஸ்பத்திரிக்கு மெஷின் செய்கிறாள் என்று பாகான் டாலாம் கத்தோலிக்கர் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

உண்மை தெரிந்தது என் தம்பி சேவியரால். அவன் செபராங் ஜெயாவில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை செய்தான். முதல் போனஸில் கேம் மெஷின் வாங்கி, அலமாரி மேல் டிவிக்குப் பக்கத்தில் வைத்து, தரையில் சம்மணமிட்டு விளையாடிக்கொண்டிருந்தான். நான் வேலை முடிந்து வருகிறேன். அவன் கையிலிருந்து அந்த வயர் தொங்குகிறது. என் வயர்! யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது. இரண்டு தரம் இழுத்தேன். வயர் கழலவில்லை, நான் பார்த்த வயராயிற்றே. மெஷின்தான் அலமாரியிலிருந்து குப்புற வந்து தரையில் விழுந்தது. "ஓகே" என்று வேறு சொல்லிவிட்டேன்.

"அக்கா! என்னாக்கா செய்ற நீ! ஃபைனல்ஸ்க்கா அது!" சேவியர் கிட்டத்தட்ட அழுதான். இரண்டு மாதமாக விளையாடி வைத்திருந்த கால்பந்துப் பருவம் முழுக்கப் போயிற்று. ஆனால் நான் செய்வது அந்தக் கண்ட்ரோலர்தான் என்று தெரிந்ததும் ஆள் மாறிவிட்டான். உலகத்தையே நான்தான் செய்து அனுப்புவது போல் கூட்டாளிகளிடம் சொல்லித் திரிந்தான். அடுத்த மெஷின் எப்போது வரும் என்று தினமும் என்னைக் குடைவான். எனக்கு வயர் தெரியும், வேறென்ன தெரியும்?

பிறகு அந்த வயரிலேயே கை வைத்தார்கள். புது மாடலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை ஆரம்பித்திருந்தது. கதவில் காவல் போட்டிருந்தார்கள். எங்கள் லைனிலிருந்து ஒருவரையும் பயிற்சிக்குக் கூப்பிடவில்லை. புதியதில் வயரே இருக்காதாம் என்று கேண்டீனில் ஒரு பேச்சு. வயர் இல்லையென்றால் இழுத்துப் பார்க்க ஆள் எதற்கு? சூப்பர்வைசரிடம் கேட்டால் "துங்கு லா, பொறுங்க" என்பதோடு சரி. அந்த வாரம்தான் சேவியர் வீட்டில் குதித்துக்கொண்டிருந்தான், வரும் செவ்வாய்க்கிழமை அமெரிக்கக் கண்காட்சியில் புது மெஷினைக் காட்டப்போகிறார்கள் என்று. நான் அதை லைனில் சொன்னேன். பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதைத் தெரிந்துகொள்ள நாங்கள் அமெரிக்காவைப் பார்க்க வேண்டியிருந்தது.

"நீ தம்பியோட போய்ப் பாரு பிள்ள," என்றார் பாக்கியம் அக்கா. "படம் எப்பிடி, கலர் எப்பிடி, அதெல்லாம் நமக்கு வேணாம். வயர் இருக்கா இல்லியா. அத மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

அந்த வாரம் எனக்கு மத்தியான ஷிப்ட். காலை ஆறு மணிக்கு நானும் சேவியரும் பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போக ஃபெரி ஏறினோம். கீழே கார்களும் மேலே ஆட்களும் நிற்கும் அந்தப் பழைய ஃபெரியைச் சொல்கிறேன். டீசல் வாசனையோடு கடல் காற்று முகத்தில் அடிக்கும். சூலியா தெருவில் மாடியில் ஒரு சைபர் கஃபே. அன்றைக்கென்று தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஏழு மணிக்கே கதவைத் திறந்திருந்தார். இருபது பையன்கள், பெண் நான் ஒருத்தி. இணையம் அப்போது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒரே கணினியில் நிகழ்ச்சியை ஓடவிட்டு மற்ற எல்லாவற்றையும் சும்மா வைத்திருக்க வேண்டும் என்பது அந்தக் கடை வழக்கம். "ஜாங்ஙான் டவுன்லோட் லா! டவுன்லோட் பண்ணாதே, யாரும் தொடாதே!" என்று தவுக்கே கைலியோடு வரிசைக்கு நடுவே உலாத்தினார். பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு ஒழுக்கத்தை நான் ஞாயிறு மறைக்கல்வியில்கூடப் பார்த்ததில்லை.

தீப்பெட்டி அளவு படம். நாலு விநாடி ஓடும், பிறகு நிற்கும். ஒரு கார் ஓடிற்று, ஒரு சிப்பாயின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது, அதற்கே பையன்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. கடைசியில் மேடையில் இருந்தவர் குனிந்து மேசைக்குக் கீழே கையை விட்டார். படம் நின்றுவிட்டது. பாதிக் கை மட்டும் தெரிந்தது. சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தோணியாரே, வயர் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கென்று மட்டும் வேண்டவில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் முதலில் எனக்காகத்தான் வேண்டினேன். மற்ற பதினொரு பேர் அப்புறம்தான் நினைவுக்கு வந்தார்கள்.

படம் ஓடிற்று. அவர் இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கினார். கீழே ஒன்றும் தொங்கவில்லை.

அங்கே மண்டபமே எழுந்து நின்றது. இங்கே இருபது பையன்களும் கத்தினார்கள். சேவியர் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "அக்கா! வயரே இல்லக்கா! பாத்தியா! இனிமே நீ இழுத்துத் தள்ள முடியாது!" நான் கை தட்டினேன். ஆமாம், எல்லோரோடும் சேர்ந்து நானும்தான். பக்கத்தில் ஒருவன் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது கை தானாகப் போய்விடுகிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் அங்கி மாட்டும் அறையில் பதினொரு பேரும் காத்திருந்தார்கள். பஸ்ஸில் வரும்போது முடிவு செய்திருந்தேன். "படம் நின்னு நின்னு ஓடுச்சுக்கா. அந்த நேரம் பாத்து லைன் கட்டாயிருச்சு. சரியாத் தெரியல" என்றேன். பாக்கியம் அக்கா அங்கியின் பித்தானைப் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, கை கழுவிட்டு வா" என்றார்.

அன்றைக்கும் லைன் ஓகே, ஓகே என்று ஓடிற்று. அதற்குப் பிறகு ஏழு மாதம் ஓடிற்று. அந்த ஏழு மாதமும் எல்லோரும் என்னிடம் ஒரு மாதிரி அன்பாக இருந்தார்கள். ஜைத்தோன் அக்கா எனக்கென்று தனியாக நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். பாவம், இவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் நொறுங்கிப் போவார்கள் என்று நான் ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்துக் காத்தேன். நானாவது நன்றாகப் பொய் சொன்னேனே என்று கொஞ்சம் பெருமைகூட உண்டு.

லைனை மூடிய நாளில் கடைசிக் கண்ட்ரோலரை இழுத்து ஓகே சொல்லிவிட்டு நான் அழுதேன். வேறு யாரும் அழவில்லை. ஜைத்தோன் அக்காவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் திங்கட்கிழமை வேலை ஆரம்பம். இன்னொருத்தி தையல் படித்து முடித்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தயாராக இருந்தது. நான் திகைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து பாக்கியம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு பிள்ள. நீ கை கழுவப் போன நேரத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவளக் கேக்காதீங்க, நம்ம மனசு நோகக்கூடாதுன்னு சொல்றா, அப்படியே விட்டுடுங்கன்னேன்."

விஷயம் முதலில் தெரிந்தவள் நான். வேலை தேடாமல் உட்கார்ந்திருந்தவளும் நான் ஒருத்திதான். அதற்கும் அக்கா ஏற்பாடு செய்துவிட்டிருந்தார். செபராங் ஜெயாவில் ஒரு கிளினிக்கில் பெயர் எழுதும் வேலைக்கு என்னைச் சொல்லி வைத்திருந்தார். அம்மா கோவிலில் சொன்ன ஆஸ்பத்திரி வேலை ஒருவழியாக உண்மையாயிற்று.

இப்போது நான் தீவில், ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். கார் ஏற்றும் ஃபெரி போய்விட்டது. சூலியா தெரு மாடியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காப்பி விற்கிறார்கள். எங்கள் லைன் இருந்த கட்டடம் கிடங்காகிவிட்டது, வாசலில் லாரிகள் நிற்கின்றன. சேவியர் சிங்கப்பூரில் இருக்கிறான், விளையாட நேரமில்லை என்கிறான். பாக்கியம் அக்கா மகளோடு ஈப்போவுக்குப் போனார். மூன்று வருடத்துக்கு முன் அங்கேயே அடக்கம் செய்தார்கள். நான் போயிருந்தேன். பன்னிரண்டு பேரில் நாலு பேர்தான் வந்திருந்தோம்.

ஜோயலின் கண்ட்ரோலருக்கு சார்ஜ் போடும்போது மட்டும் ஒரு வயர் உண்டு. அவன் இல்லாத நேரத்தில் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். சொல்ல வேண்டியதையும் சொல்வேன், மெதுவாக. பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

நேற்று அவன் மறுபடி வந்து நின்றான். "மா, எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஏன் அப்படிப் பாத்தீங்கன்னு ரெண்டு வரி சொல்லுங்க, போடறேன்." தலைவலி என்று போடச் சொன்னேன். நம்பிவிட்டான். பார்த்தவர்களும் நம்பிவிட்டார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்று இதயம் இதயமாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

பாக்கியம் அக்கா அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். பித்தானைப் போட்டுக்கொண்டே, கை கழுவிட்டு வா என்றிருப்பார்.