தாளத்துக்குப் பிந்திய குரல்

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவருக்கு நாற்பத்தெட்டு வயதில் போசா நோவா என்ற பிரேசில் நாட்டு இசையின் கிதார் மேல் பித்துப் பிடித்தது. கட்டைவிரல் நிதானம் தவறாமல் தடித்த கம்பிகளைத் தட்ட, மற்ற மூன்று விரல்களும் தாளத்துக்கு முன்னும் பின்னுமாக நழுவ வேண்டும். அது கைக்கு வசப்பட நான்கு மாதமாயிற்று. பிறகு ஞாயிறு மாலைகளில் மனைவி பாட, அவர் பக்கவாத்தியம் வாசித்தார்.

ஒரு ஞாயிறு அவள் வரியைச் சற்றுப் பிந்தி எடுத்தாள். இந்த இசைக்கு அதுதான் அழகு என்று அவர் பூரித்துப்போனார். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் பிந்தினாள்.

“நல்லா இழுத்துப் பாடறே. எங்க கத்துக்கிட்டே?” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. “நான் இழுக்கலைங்க. வார்த்தை வாய்க்கு வரமாட்டேங்குது. கடையில பால் கேக்கக்கூட நேரமாகுது. சொன்னா பயந்துடுவீங்கன்னு விட்டுட்டேன்.”

அவர் கை கம்பிகள்மேல் அப்படியே நின்றுவிட்டது.

மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் சீட்டை எழுதிக்கொண்டே மருத்துவர், “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டார். அவள் பதிலைத் தேடிக்கொண்டிருந்தாள். தான் பூரித்த ஞாயிறுகளை எண்ணிப் பார்த்து, “ஏழு வாரமா” என்றார் அவர்.

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, “ஏழு வாரமாத் தெரிஞ்சுமா இப்ப வர்றீங்க?” என்றார்.