புழு தின்ற ஆமணக்கு

ஒடித்த ஆமணக்குத் தண்டின் பச்சை வாடை அடித்ததும் எனக்குப் பகீரென்றது. கொல்லைக்கு ஓடினால், என் மருமகள் செல்வி இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மிளகாய்ப் பாத்தியைச் சுற்றி நான் நட்ட ஆமணக்கு ஒன்றுகூட இல்லை.

"எலையெல்லாம் ஒரே புழு அத்த. மொத்தத்தையும் புடுங்கி வரப்புல போட்டுட்டேன்!"

அடிப்பாவி! புழு மிளகாய்க்குப் போகாமல் அதைத் தின்னட்டும் என்றுதானே நட்டேன். வருஷத்துக்கு வேண்டிய வத்தல் இந்தப் பாத்தியில்தான்.

திட்ட வாயெடுத்தேன், பழசு ஞாபகம் வந்துவிட்டது. ஒன்பது வயதில், திருமயத்துப் பக்கம் எங்கள் கொல்லையில் நானும் இதையேதான் செய்தேன். என்னைப் பெற்ற ஆத்தா சந்தையிலிருந்து வந்து மெச்சுவாள் என்று வாசலில் வேறு காத்திருந்தேன். விடிந்து பார்த்தால், வாடிய இலையை விட்டுப் புழுவெல்லாம் மிளகாயில் ஏறியிருந்தது.

ஆத்தா அடிக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய டப்பாவைக் கையில் திணித்தாள். "நீதான அங்கிட்டு அனுப்புன? நீயே பொறக்கு."

பத்து நாள் பொறுக்கினேன். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது; அங்கே போகிற அண்ணன் தினமும் வேலியோரம் நின்று, "புழுக்காரி, இன்னைக்கு எத்தன உருப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

"என்ன அத்த, பேச மாட்டேங்கிறீங்க?"

"தண்ணி ஊத்தி ரெண்டு டப்பா எடுத்துட்டு வா."

"எதுக்கு ரெண்டு?"

"ஒன்னு ஒனக்கு. இன்னொன்னு, இந்த முட்டிவலியோட குனியப்போற புழுக்காரிக்கு."